மறதின்னே எழுதுங்க டாக்டரம்மா

ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் இப்போதும் முதலில் கேட்பது, "கன்னிம்மாக்கா, என்னைத் தெரியுதா?" என்றுதான். தெரியாமல் என்ன? நேற்று என்னோடு கழனியில் இறங்கினவள், இன்றைக்கு என் முகத்துக்கு நேரே வந்து நின்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். எத்தனை தரம்தான் பொறுத்துக்கொள்வது? அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எட்டாவது வரை படித்தவள். மகளிர் குழுவுக்குத் தலைவியாக இருந்து தீர்மானம் எழுதிப் பழகிய கை. எனக்கு வந்தது என்ன, வராதது என்ன, ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னது போதும்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். நடவுக்கு ஆள் கட்டிக் கூட்டிப்போவது என் வேலை. யாருக்காவது நாற்று நட வேண்டும் என்றால் எனக்குப் போன் வரும். எவ்வளவு நிலம், சேறு அடித்தாயிற்றா, நாற்று பிடுங்க ஆள் உண்டா என்று கேட்டுக்கொண்டு, யார் யார் வர வேண்டும் என்று முடிவு பண்ணி, குட்டியானை வண்டியில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவேன். கழனியில் என் குரல்தான் கேட்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதில் பலபேருக்கு வருத்தம் உண்டு, எனக்கு இல்லை.

அப்படிப்பட்ட நான், என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் வெளி ஆட்களிடம் பேச மாட்டேன். குழு விஷயமாக மற்ற பெண்களோடு பேங்குக்குப் போனால் நான் பேசுவேன். அவரோடு போனால் அவர்தான் பேசுவார். எங்கள் பக்கத்தில் என் வயசுப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். கேள்வி என்னிடம் வரும், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன், அவர் பதில் சொல்லுவார். வீட்டில் என்னிடம் பேச அவருக்கு இடம் கிடைப்பதில்லை, வெளியிலாவது பேசட்டுமே என்று நானும் விட்டுவிட்டேன். இந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட இருந்தது என்பதுதான் இந்தக் கதை.

போன சம்பா நடவு முடிந்த கையோடு ஆரம்பித்தது. வீட்டில் சண்டை சச்சரவு இல்லை, யாரும் சாகவில்லை, மழையும் நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிக் கிடந்தது. ஆனால் எனக்கு விடிந்தால் எழுந்திருக்க மனசு வராது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சோற்றை வாயில் வைத்தால் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பேசினால் பேச்சு காதுக்குள் வரும், தலைக்குள் போகாது. பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, பாத்திரம் கருகி, அக்கம்பக்கத்தார் ஓடிவந்த பிறகுதான் அடுப்பில் பால் வைத்ததே எனக்கு நினைவு வந்தது. ஒரு கழனிக்காரருக்கு ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அடியோடு மறந்துபோனேன். பிடுங்கிய நாற்று வரப்பில் கிடந்து வாடியது. அந்த மனுஷர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பாவம், வயசாயிடுச்சு" என்றாராம். திட்டியிருந்தால் தேவலை.

என் மகன் வேலு ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கிறான். படப்பையில் வாடகை வீடு. பால் தீய்ந்த செய்தி போனதும் மனைவி மாலதியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வந்ததும் முதல் வேலையாக கேஸ் அடுப்பிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிப் பரண்மேல் வைத்தான். பிறகு அவன் அப்பாவிடம் சொன்னான்: "நைனா, இது மறதி நோய்தான். எங்க கம்பெனில ஒருத்தர் அம்மாக்கு இப்டித்தான் ஆரம்பிச்சுது. டாக்டர் கிட்ட காட்டி கன்ஃபார்ம் பண்ணிக்கினு அம்மாவைப் படப்பைக்கு இட்டுக்கினு போயிடறேன். நீயும் வந்துடு. வூட்டைப் பூட்டிடலாம்."

நடவு ஆட்களை மேலத்தெரு ராணியிடம் ஒப்படைத்துவிடலாம் என்றும் பேச்சு வந்தது. நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசினார்கள். போனால் இந்த வீட்டுக்கும் கழனிக்கும் நான் திரும்பப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பழைய கன்னியம்மாவாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அன்றைக்கு "சரி" என்றேன். அந்தச் "சரி"தான் நோய் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு அது யாருக்கும் புரியவில்லை.

உத்திரமேரூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். படிக்கிற பிள்ளைகளும் டாக்டர்களும் நிறைந்த பெரிய இடம். நீளமான பெஞ்சில் எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டால் கூப்பிடப்பட்டவர் எழுந்திருக்கும் முன் கூட வந்தவர் எழுந்துவிடுவார். வயசானவர்கள் எல்லாருக்கும் ஒரு கூட வந்தவர் உண்டு. அவர் கையில் பை இருக்கும், சீட்டு இருக்கும், மருந்து இருக்கும், பதிலும் இருக்கும்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, என் பேத்தி திவ்யாவைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருக்கலாம். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?"

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். "வியாயக்கெழமை டாக்டரம்மா" என்றார் அவர்.

"அவங்க சொல்லட்டும். இது எந்த ஊர்மா?"

திரும்பவும் என் கழுத்து தானாகத் திரும்பியது. அவரும் தானாகச் சொன்னார். டாக்டரம்மா அவரை இரண்டு தரம் சும்மா இருக்கச் சொன்னாள். அவர் சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். "தெரியல" என்று மட்டும் சொன்னேன். பிறகு எது கேட்டாலும் அதையே சொன்னேன். அது ஒன்றுதான் வாயில் சுலபமாக வந்தது.

"நல்லா தூங்குறாங்களா?"

"நல்லா தூங்குது டாக்டரம்மா" என்றார் அவர்.

"சாப்பாடு?"

"வேளாவேளைக்கு சாப்புடுது."

"மனசு கஷ்டம், அழுகை ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. மறதி மட்டும்தான்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். கேள்வி கேட்டால் பதிலுக்காகக் கூட இருப்பவர் பக்கம் திரும்பிப் பார்ப்பது மறதி நோய்க்கு ஓர் அடையாளமாம். படிக்கிற பிள்ளைகளிடம் அவள் அதைச் சொன்னாள். மூளை தேய்ந்துபோகிறவர்கள் தன்னை நம்ப முடியாமல் பக்கத்து ஆளைத் தேடுவார்களாம். நான் கல்யாணமான நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

சோதனைகளுக்காகப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். தொண்டையில் ஒரு சுரப்பி இருக்கிறது, அது சோம்பிப்போனாலும் மறதி வருமாம், அதற்கு ரத்தம் எடுத்தார்கள். உடம்பில் உப்பு குறைந்தாலும், ஒரு வகை வைட்டமின் குறைந்தாலும் புத்தி குழம்புமாம், அதற்கும் சேர்த்து எடுத்தார்கள். தலைக்கு ஸ்கேன். பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுப் படுக்கச் சொன்னார்கள். வலி எதுவும் இல்லை. ஆனால் உள்ளே இருந்தபோது ஒன்று நினைத்தேன்: இந்த மிஷின் நின்றுபோய் நான் இப்படியே முடிந்துபோனால் எல்லாருக்கும் சௌகரியம். பயமே இல்லாமல் நினைத்தேன். பயப்படாததுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

வயசானவர்களுக்கென்று தனி வார்டு அது. படுக்கைகள் நிறைந்து கிடக்கும். ஒரு வேளைக்கு ஒரு சிஸ்டர், சில சமயம் கூட ஒருத்தி. ஊசி, மாத்திரை, பிரஷர் பார்ப்பது, டிரிப் மாற்றுவது, படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரைப் புரட்டிவிடுவது, டாக்டர் வந்தால் கூட ஓடுவது. இந்தப் பக்கம் ஒருவர் "சிஸ்டர்" என்பார், திரும்புவதற்குள் அந்தப் பக்கம் ஒருவர். அந்தப் பெண் நடந்து நான் பார்க்கவில்லை, ஓடித்தான் பார்த்தேன்.

ஓடாத சிஸ்டர் ஒருத்தரும் இருந்தார். கௌசல்யா என்று பெயர். நர்சிங் காலேஜில் சொல்லிக்கொடுக்கிறவர், மேற்படிப்புக்காக ஆராய்ச்சி பண்ணுகிறார் என்றார்கள். வயசானவர்களின் மனசை ஆஸ்பத்திரியில் யார் பார்க்கிறார்கள், அதற்கு எத்தனை நர்ஸ் இருக்க வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சி. ஒரு மூலையில் நின்று, சிஸ்டர்கள் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவு பண்ணுகிறார்கள் என்று கவனிப்பார். பிறகு நோயாளிகளிடம் வந்து பேசுவார்.

என் படுக்கைக்கு வந்தார். பெயர் கேட்டார். என் கழுத்து திரும்பியது. வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கௌசல்யா சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை, என் கழுத்தைத்தான் பார்த்தார். பிறகு, "ஐயா, நான் அம்மாகிட்ட தனியா கொஞ்சம் பேசணும். நீங்க வெளிய இருங்க" என்றார்.

"அது பேசாது மேடம். இன்னா வேணுமோ என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்."

"பேசலன்னாலும் பரவாயில்ல."

அவர் அசையவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளைத் தனியாக விட்டுவிட்டுப் போனால் ஊர் என்ன பேசுமோ என்றுதான் நிற்கிறார் என நினைத்துக்கொண்டேன். மாலதிதான் காப்பாற்றினாள். அந்தப் பெண்ணை நான் எவ்வளவோ குறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவள், "மாமா, கீழ மருந்து வாங்குற எடம் எனக்குத் தெரியல. கொஞ்சம் கூட வாங்களேன்" என்று அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். காலையில் அவளேதான் தனியாகப் போய் அங்கே மருந்து வாங்கிவந்திருந்தாள்.

சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னிக்கு என்ன தேதின்னு தெரியுமாம்மா?" என்றார். நான் திரும்பினேன். அங்கே சுவர்தான் இருந்தது. "தெரியல" என்றேன். அவர் அடுத்த கேள்விக்குத் தாவவில்லை. உட்கார்ந்தே இருந்தார். அவ்வளவு நேரம் எனக்காக யாரும் காத்திருந்ததில்லை. சங்கடமாகிவிட்டது.

"இங்கிலீஷ் தேதி தெரியாது. மார்கழி பொறந்து அஞ்சாறு நாளாவுது" என்றேன்.

"சரியாத்தான் சொல்றீங்க. நான் மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வெச்சுக்குங்க. எலுமிச்சம்பழம், சாவி, ஏணி." பிறகு வேறு ஏதேதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்து அந்த மூன்றையும் கேட்டார். பழமும் சாவியும் சொன்னேன். மூன்றாவது வரவில்லை. அவர் என் ஊர், என் வேலை என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பேச்சு நடுவில் நானே, "ஏணி" என்றேன். சிஸ்டர் சிரித்தார். எனக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது.

"நல்லா தூங்குறீங்களாம்மா?"

"எங்க தூங்கறது? கண்ணை மூடினாலும் முயிச்சிக்கினுதான் கீறேன்."

"சாப்பாடு?"

"அவங்க பாக்குறாங்களேன்னு துன்றேன்."

அவர் குரலைத் தாழ்த்தவுமில்லை, உயர்த்தவுமில்லை. பசிக்கிறதா என்று கேட்கிற குரலிலேயே, "இருக்கவே வேணாம், செத்துடலாம்னு தோணுதா?" என்றார்.

"தோணுது."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கேட்டாதான சொல்ல? இன்னா துன்னேன்னு கேக்குறாங்க, மாத்தர போட்டியான்னு கேக்குறாங்க. இத யாரு கேட்டாங்க?"

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. நடவு முடிந்த நாளிலிருந்து வராத அழுகை. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை டாக்டர்கிட்ட நான் சொல்லியே ஆகணும்மா. உங்களைத் தனியா விடக்கூடாது, அதுக்காக வீட்ல இருக்கிறவங்களுக்கும் கொஞ்சம் சொல்லணும். ஆனா உங்ககிட்ட சொல்லாம எதுவும் செய்ய மாட்டோம்" என்றார். அப்படி ஒருவர் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்ததே எனக்குப் பெரிசாக இருந்தது.

மறுநாள் டாக்டரம்மாவும் திரும்ப ஒருதரம் என்னிடம் தனியாகப் பேசினாள். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஸ்கேனில் வயசுக்கு மீறி ஒன்றும் இல்லை, ரத்தத்திலும் பெரிய குறை இல்லை. இது மறதி நோய் மாதிரித் தெரிகிற மனச்சோர்வு என்றாள். வெறும் கவலை இல்லை, இது ஒரு நோய். மூளையே சோர்ந்துபோய் எதையும் வாங்கிக்கொள்ளாது, வாங்காததை எப்படி நினைவில் வைக்கும்? மறதி நோய்க்காரர்கள் தப்போ சரியோ ஏதாவது பதில் சொல்லப் பார்ப்பார்களாம். சோர்வு வந்தவர்கள் முயற்சியே பண்ணாமல் "தெரியல" என்று விட்டுவிடுவார்களாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தும் வரும், அதனால் மருந்து சாப்பிட்டுத் தேறிய பிறகு திரும்பச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னாள். "வயசானா இப்படித்தான்னு விட்டுடுறாங்க. விடக்கூடாது" என்றாள்.

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"மனநோய்ங்கறீங்களா?" என்றார்.

"மனசுக்கு வர்ற நோய்தான் ஐயா. குணமாயிடும்."

அவர் எழுந்து கையைக் கூப்பினார். "டாக்டரம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மறதின்னே எழுதுங்க. மறதின்னா வயசானா வர்றது, எல்லார் வூட்லயும் கீது, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பேத்திக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம். மனநோய்னு எழுதிட்டீங்கன்னா பொண்ணு கேட்டு வர்றவன் வாசலோட திரும்பிடுவான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மறதி, மறதி என்று அவர் ஒவ்வொரு கேள்விக்கும் முந்திக்கொண்டு சொன்னது வெறும் பழக்கத்தில் இல்லை. இரண்டில் மானத்துக்குக் குறைவு இல்லாத நோய் எது என்று பார்த்து, எனக்காக அவரே தேர்ந்தெடுத்திருக்கிறார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "ஐயா, மறதி நோயைக் குணமாக்குற மருந்து இன்னும் இல்ல. இதுக்கு இருக்கு. மறதின்னு எழுதினா இவங்களுக்கு இந்த மருந்து கிடைக்காது. நீங்களே சொல்லுங்க, எதை எழுதட்டும்?"

அவர் தரையைப் பார்த்தார். வேலு அவரைப் பார்த்தான். மாலதி என்னைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் இருக்கும்போது வெளியாள் முன்னால் நான் அதுவரை முந்திப் பேசியதில்லை.

"கீறத எழுதுங்க டாக்டரம்மா" என்றேன்.

அவரிடம் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படப்பையில் ஒரு மூலையில், அடுப்பைத் தொடாமல், பேர் மறந்தவளாக மீதி நாளை நான் கழித்திருப்பேன். ஊர் என்ன சொல்லும் என்பதற்காக! இரண்டு நாள் அவர் கொண்டுவந்த காபியைத் தொடவில்லை. கௌசல்யா சிஸ்டரிடம் சொன்னேன். "கோபம் வருதா? நல்லது. போன வாரம் உங்களுக்கு அதுகூட வரல" என்றார்.

மாத்திரை தூக்க மாத்திரை இல்லை, போட்டவுடன் வேலை செய்யவும் செய்யாது, சில வாரங்கள் ஆகும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் வயிற்றைப் புரட்டியது. உப்பு குறைகிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். காலையில் கட்டாயம் நடக்க வேண்டும் என்றார்கள். மாலதி லீவு போட்டுவிட்டு வந்து தாழ்வாரத்தில் என்னோடு நடந்தாள். வழியெல்லாம் அவள் வேலை செய்யும் கடையின் முதலாளியைத் திட்டிக்கொண்டே வருவாள். எனக்கு ஆறுதல் சொல்ல ஒரு வார்த்தையும் பேச மாட்டாள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் வார்டை என் கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். இவ்வளவு படுக்கைக்கு ஒரு கை! ஒரு நாள் கௌசல்யா சிஸ்டரிடம், "இன்னா சிஸ்டர், இவ்ளோ கழனிக்கு ஒரு ஆளை எறக்கிகினு கீறாங்க? நானா இருந்தா வண்டியத் திருப்பிக்கினு போயிடுவேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகிவிட்டது. எத்தனை கட்டிலுக்கு எத்தனை ஆள் என்று நடவுக்குப் பிரிக்கிற மாதிரியே பிரித்துக் காட்டினேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்படிப் பிரிக்க முடியாதும்மா. ஆள் குறைஞ்சா உங்க நடவு பொழுது சாய்ஞ்சு முடியும், அவ்வளவுதான். நாத்து யாரையும் கூப்பிடாது. இங்க எல்லாரும் கூப்பிடுறாங்க. ஆள் குறைஞ்சா, கூப்பிடுறவங்க கிட்டத்தான் ஓட முடியும். ஊசி விட்டுப்போனா டாக்டர் கேட்பாங்க. பக்கத்துல உட்கார்ந்து பேசலன்னா யாரும் கேட்க மாட்டாங்க. அந்த நேரம் வேலைக் கணக்குலயே வராது. நீங்க ஒரு தடவைகூட சிஸ்டர்னு கூப்பிடல, தெரியுமா? நான் ஆராய்ச்சிக்குன்னு வந்ததால உட்கார்ந்தேன். அந்தப் பொண்ணுக்கு உங்ககிட்ட உட்கார நேரம் ஏது?"

ஓடிக்கொண்டிருந்த அந்த சிஸ்டரைப் பார்த்தேன். அவள்மேல் குற்றம் இல்லை. பேசுவதும் ஒரு வேலை, அதற்கும் ஆள் போட வேண்டும் என்று எழுதிக் கேட்கப்போகிறேன் என்றார் கௌசல்யா சிஸ்டர். கொடுப்பார்களா என்றேன். "கேட்கலன்னா கொடுக்கவே மாட்டாங்க" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரும் நானும் நேரே படப்பைக்குத்தான் போனோம், ஊர் வீட்டைப் பூட்டி வேலு சாவியை வைத்துக்கொண்டான். கூடவே ஒருவர் இருக்க வேண்டும், திரும்பச் சோதித்துப் பார்க்கிறவரை தனியாக விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த பட்டமான நவரை நடவு நான் இல்லாமலே நடந்தது. ராணி போனில், "அக்கா, கயிறு புடிக்காம நட்டு வுட்டாளுங்க, வரிசை கோணிக்கினு கீது" என்று சொன்னபோது வாயில் வந்தபடி திட்டிவிட்டேன். அந்தப் பக்கம் ராணி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறேன் என்றாள், நம்பினேன். அன்றைக்குப் பசித்தது. மாலதியிடம் கேட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன். நல்லாவது அப்படித்தான் நல்லாகிறது, கரண்டி கரண்டியாக. நடுவில் பழையபடி படுத்துவிட்ட நாட்களும் இருந்தன.

திரும்பச் சோதிக்கிற நாள் வந்தது. இதில் தவறினால் வீட்டுச் சாவி வேலுவிடமே இருந்துவிடும். அவரும் நானும் போனோம். உள்ளே என்னை மட்டும் கூப்பிட்டார்கள். கிழமை, ஊர், மூன்று வார்த்தை, நூறிலிருந்து கழித்துக்கொண்டே வருவது, கடிகாரம் வரைவது. கடிகாரம் கோணலாக வந்தது, முள் சரியான இடத்தில் நின்றது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "மறதி நோய் இல்லம்மா. மாத்திரையை நீங்களா நிறுத்தக்கூடாது, அப்பப்ப வந்து காட்டணும். உங்க வீட்டுக்கே போகலாம், அடுப்பும் பத்தவைக்கலாம்" என்றாள். வேலுவுக்குப் போன் போட்டு அவள் வாயாலேயே சொல்லச் சொன்னேன்.

வெளியே வந்தபோது கௌசல்யா சிஸ்டர் இருந்தார். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க எப்படி இருக்கீங்க?"

"அதுக்கு இன்னா மேடம், நல்லா கீது. நல்லா சாப்புடுது, நல்லா தூங்குது."

"அவங்களைக் கேக்கல. உங்களைக் கேக்குறேன். நீங்க தூங்குறீங்களா?"

அந்தக் கேள்வி தன்னிடம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. அவர் தனியாகப் பேசட்டும் என்று நான் நகர்ந்தேன். "நீ இரு" என்றார்.

"நான் தூங்கி ரொம்ப நாளாவுது மேடம். ஐப்பசில இருந்து. இது தூங்காம மோட்டுவளையப் பாத்துக்கினு கெடக்கும். நான் தூங்குற மாதிரி கெடந்து இதைப் பாத்துக்கினு கெடப்பேன். கழனிக்கு அடிக்கற மருந்தெல்லாம் எடுத்துக்கினு போய் எங்க அண்ணன் கொட்டாயில வெச்சிப் பூட்டிட்டேன். தோட்டத்துக் கதவுக்குக் குறுக்கால கட்டிலைப் போட்டுக்கினேன். படப்பைல பாத்ரூம் போனாக்கூட வெளிய நின்னுக்கினு கீறேன். இன்னமும் நிக்கிறேன். இதுக்கு நல்லாயிடுச்சு. எனக்குத் தூக்கம் வரல."

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கே தெரியாதபோது தெரிந்திருக்கிறது. நன்றாகத் தூங்குகிறது என்று டாக்டரிடம் சொன்னவர், அப்படி இல்லை என்பதை என் பக்கத்திலேயே விழித்துக் கிடந்து பார்த்தவர். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஒற்றை ஆளாக என்னைக் காவல் காத்திருக்கிறார். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அழுதேன். அவரும் அழுதார், வெளி மனுஷி முன்னால், கைக்குட்டைகூட இல்லாமல்.

கௌசல்யா சிஸ்டர் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "ஐயாவையும் டாக்டர் பார்க்கட்டும். அவர் பேருக்கு ஒரு சீட்டு போட்டுக்கிட்டு வாங்கம்மா" என்றார்.

கீழே போய் வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குள் இருந்த பெண் நிமிராமலே, "பேர்?" என்றாள்.

அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. குழுப் புத்தகத்தில் எழுதியதோடு சரி. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள்.

"ஏகாம்பரம்" என்றேன். சத்தமாகத்தான் வந்தது.

"வயசு?"

சொன்னேன்.

"இன்னா ப்ராப்ளம்?"

"அத அவரு வாயால சொல்லுவாரு. நீங்க சீட்டக் குடுங்க."